விழிப்புணர்வுப் பிரசாரம் பயன் தந்ததா என்பதை எப்படி அளப்பது?

கேள்வி | இட்டவர்: களக்குறிப்பு

அனைவருக்கும் வணக்கம். கொங்குப் பகுதியில் இரண்டு ஒன்றியங்களில், கடந்த இரண்டு ஆண்டுகளில் அரசுத் துறைகள் நடத்திய சில விழிப்புணர்வுப் பிரசாரங்களை மதிப்பிட்டு அறிக்கை தரும் பொறுப்பு எங்கள் சிறு தன்னார்வக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. மண்வள அட்டையின்படி உரமிடுதல், மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசி, நியாயவிலைக் கடையில் வழங்கப்படும் செறிவூட்டப்பட்ட அரிசி, சந்தைக்கு ஏற்றிச் செல்லும் மாடுகளை வண்டியில் நெருக்கி அடைக்காமை ஆகிய நான்கும் எங்கள் வரம்புக்குள் வருகின்றன. கையில் மூன்று மாதங்களே உள்ளன. பணமும் குறைவு, வீடு வீடாகச் செல்ல ஆறு பேர் இருக்கிறோம்.

துறை அலுவலகங்களில் கேட்டபோது பதிவேடுகளை மறுக்காமல் காட்டினார்கள். எத்தனை கூட்டங்கள் நடந்தன, எத்தனை பேர் கையொப்பமிட்டார்கள், எத்தனை துண்டறிக்கைகள் அச்சாயின, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ எந்தெந்த ஊர்களில் சுற்றியது என்பதெல்லாம் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆனால் பிரசாரத்துக்குப் பிறகு யாராவது எதையாவது மாற்றிக்கொண்டார்களா என்ற கேள்விக்கு அந்தப் பதிவேடுகளில் ஒரு பத்திகூட ஒதுக்கப்படவில்லை.

முன்னோட்டமாக நாங்களே 40 வீடுகளில் கேட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய எல்லோரும் "தெரியும்" என்றே சொன்னார்கள். ஓர் அம்மா, "தெரியும் கண்ணு, அதான் நோட்டீசு குடுத்தாங்களே" என்றார். அதில் என்ன எழுதியிருந்தது என்று கேட்டதற்கு, "மாடு படம் போட்டிருந்துச்சு" என்றார். இதை "தெரியும்" என்று குறிப்பதா, "தெரியாது" என்று குறிப்பதா என்று எங்களுக்குள்ளேயே ஒரு மணி நேரம் வாதம் நடந்தது.

எனவே மூன்று சந்தேகங்களைக் கேட்கிறேன். மக்களிடம் எதை, எப்படிக் கேட்டால் உண்மை வெளிவரும்? பிரசாரத்துக்கு முந்தைய நிலை பற்றி எந்தக் கணக்கும் இல்லாதபோது மாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது? ஒருவேளை மாற்றம் தெரிந்தால், அது பிரசாரத்தால் வந்ததா, வேறு காரணத்தால் வந்ததா என்று எப்படிப் பிரிப்பது? களத்தில் இருந்தவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 | இட்டவர்: பழைய ஊசி

கால்நடைத் துறையில் உதவி மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோமாரி பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவை எனக்குச் சொந்த அனுபவம் இல்லாதவை.

தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் 2019 செப்டம்பரில் மதுராவில் தொடங்கி வைக்கப்பட்டது. அதன்படி மாடு, எருமை முதலியவற்றுக்குக் கோமாரித் தடுப்பூசி ஆறு மாதத்துக்கு ஒரு முறை இலவசமாகப் போடப்படுகிறது. நோயை 2025-க்குள் கட்டுப்படுத்துவது, 2030-க்குள் ஒழிப்பது என்பது அப்போது அறிவித்த இலக்கு. ஊசி போட்ட மாட்டின் காதில் 12 இலக்க எண் கொண்ட வில்லை மாட்டிக் கணினியில் ஏற்றுவார்கள். ஆகவே "எத்தனை மாடுகளுக்கு ஊசி போடப்பட்டது" என்ற எண் உங்களுக்குச் சுலபமாகக் கிடைக்கும். அந்த எண்ணைப் பார்த்துப் பிரசாரம் வெற்றி என்று எழுதிவிடாதீர்கள். அது பெரும்பாலும் எங்கள் ஊழியர்களின் கால் நடந்த கணக்கே தவிர, ஆட்டோவின் ஒலிபெருக்கி பேசியதன் கணக்கு அல்ல. விடியற்காலை ஐந்து மணிக்குப் பனிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்கே போய், மறுப்பவரிடம் பத்து நிமிடம் பேசிச் சம்மதிக்க வைத்துப் போட்ட ஊசிகள் அவை. விழிப்புணர்வு உண்மையில் வளர்ந்திருந்தால் அந்தப் பத்து நிமிடம் இரண்டு நிமிடமாகக் குறைந்திருக்க வேண்டும். அதைப் பதிவேடு சொல்லாது. ஊசி போட்ட ஊழியர்தான் சொல்வார். முதலில் அவர்களிடம் போய்ப் பேசுங்கள்.

மறுப்பவர்கள் அறியாமையால் மறுப்பதாக அறிக்கை எழுதுவது எங்கள் துறையில் பழைய வழக்கம். அவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி நியாயமானவை. ஊசி போட்டபின் ஓரிரு நாள் காய்ச்சல் அடித்துப் பால் குறையும். சங்கத்துக்குப் பால் ஊற்றிப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த இரண்டு நாள் வருமானம் சிறியதல்ல. போட்ட இடத்தில் வீக்கம் வரும். சினை மாட்டை மிரட்டிக் கட்டிப் பிடித்து ஊசி போடுவதில் அவர்களுக்கு உள்ள பயமும் காரணமற்றதல்ல. இன்னொன்று: கோமாரிக் கிருமி உடலில் புகுந்து இரண்டு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் நோய் வெளிப்படும். ஏற்கெனவே கிருமி ஏறிவிட்ட மாட்டுக்கு நாம் ஊசி போட்டால், நான்காம் நாள் வாயில் நுரை தள்ளும். பார்த்தவர்கள் ஊசியால்தான் நோய் வந்தது என்றே முடிவு கட்டுவார்கள். கண்ணால் கண்டதை நம்புகிறவரை எப்படிக் குறை சொல்வது? துண்டறிக்கையில் இவற்றில் எதுவும் இருக்காது. "தடுப்பூசி போடுவீர், கால்நடைகளைக் காப்பீர்" என்று இருக்கும். எனவே நீங்கள் மதிப்பிடும்போது, பிரசாரம் மக்களின் உண்மையான அச்சத்துக்குப் பதில் சொன்னதா, அல்லது அவர்கள் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னதா என்று துண்டறிக்கையை வைத்துக்கொண்டே ஒரு சோதனை செய்யலாம். அதற்கு வீடு வீடாகப் போகக்கூட வேண்டியதில்லை.

வீட்டில் கேட்க வேண்டுமென்றால் ஊசி பற்றிக் கேட்காதீர்கள். "உங்கள் மாட்டுக்கு வாயில் புண் வந்து எச்சில் ஒழுகினால் முதலில் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். மற்ற மாடுகளிடமிருந்து பிரித்துக் கட்டுவேன், மருந்தகத்துக்குச் சொல்வேன், பொதுத் தொட்டிக்கு ஓட்டிப் போக மாட்டேன் என்று தாமாகச் சொன்னால் அது அறிவு. அக்கம்பக்கத்தில் நோய் வந்தபோது யாராவது மாட்டைச் சந்தைக்கு ஓட்டினார்களா என்றும் கேளுங்கள். 2013-இல் தென் மாநிலங்களில் கோமாரி பரவி ஏராளமான மாடுகள் மடிந்தபோது, நோய் கண்ட மாட்டை அவசரமாக விற்றுவிடும் பழக்கம் எவ்வளவு கேடு செய்தது என்பதை நேரில் பார்த்தவன் நான்.

ஓர் எச்சரிக்கை. நல்ல பிரசாரத்துக்குப் பிறகு நோய் பற்றிய புகார்கள் கூடும், குறையாது. முன்பு மறைத்தவர்கள் இப்போது வந்து சொல்கிறார்கள் என்பது அதற்குப் பொருள். புகார் எண்ணிக்கை உயர்ந்ததைத் தோல்வி என்று எழுதினால், அடுத்த ஆண்டு அலுவலகங்கள் புகாரைப் பதிவு செய்யாமல் விட்டுவிடும். நோய் உண்மையில் குறைந்ததா என்பதற்கு இரத்தப் பரிசோதனைதான் சாட்சி. ஊசியால் வந்த எதிர்ப்புச் சக்தியையும் நோய் தாக்கியதால் வந்ததையும் வேறுபடுத்திக் காட்டும் சோதனைகள் உள்ளன. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோமாரி ஆய்வு நிறுவனம் அந்த வேலையை நாடு முழுவதும் மாதிரி எடுத்துச் செய்கிறது. உங்கள் ஆறு பேருக்கு அது எட்டாது. அறிக்கையில் அந்த எல்லையை ஒப்புக்கொண்டு விடுவது நல்லது.

மறுமொழி 2 | இட்டவர்: வரப்போரம்

நான் டெல்டாக்காரன், குறுவையும் தாளடியும் போடுகிறவன். மண்வள அட்டை பற்றி என் கருத்தை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன்: விவசாயிக்கு விழிப்புணர்வு இல்லை என்பதே தவறான தொடக்கம்.

இந்தத் திட்டம் 2015 பிப்ரவரியில் இராஜஸ்தானில் தொடங்கியது. அட்டையில் 12 அளவீடுகள் இருக்கும்: தழை, மணி, சாம்பல், கந்தகச் சத்துகள், துத்தநாகம் முதலிய நுண்ணூட்டங்கள், கார அமில நிலை, உப்பின் அளவு, கரிமம். பாசன நிலத்தில் இரண்டரை ஹெக்டேருக்கு ஒரு மண் மாதிரி என்பது விதி. இரண்டரை ஹெக்டேர் என்றால் ஏறக்குறைய ஆறேகால் ஏக்கர். எங்கள் ஊரில் அதற்குள் நான்கைந்து பேருடைய வயல் அடங்கும். பக்கத்து வயலில் எடுத்த மண்ணுக்கான சீட்டு என் பெயரில் அச்சாகி வரும். மேட்டில் இருக்கும் அவர் வயலும் வடிகாலோரம் இருக்கும் என் வயலும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். நான் அந்த அட்டையை நம்பவில்லை என்றால் அது என் அறியாமையா?

அடுத்தது விலை. 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். யூரியாவைக் குறை, சாம்பல்சத்தைச் சேர், துத்தநாக சல்பேட்டை ஹெக்டேருக்கு 25 கிலோ போடு என்று அட்டை சொல்லும். கடையில் யூரியா மட்டும் மலிவாகக் கிடைக்கும். சாம்பல்சத்து தரும் பொட்டாஷ் உரம் சங்கத்தில் வரவில்லை என்பார்கள். அரசாங்கத்தின் ஒரு கை யூரியாவை மலிவாக்கி நீட்டுகிறது, மறு கை அதை வாங்காதே என்று துண்டறிக்கை கொடுக்கிறது. இதில் எந்தக் கையின் பேச்சை நான் கேட்டேன் என்று மதிப்பிட ஒரு குழு வருகிறது.

உங்களைக் குறை சொல்லவில்லை, நண்பரே. ஆனால் அறிக்கையில் "விவசாயிகளிடம் போதிய விழிப்புணர்வு இல்லை, இன்னும் பிரசாரம் தேவை" என்ற அந்த வழக்கமான வரி மட்டும் வேண்டாம். அட்டை சொன்னபடி செய்ய நினைத்தவருக்கு அந்த வாரத்தில், அந்தக் கடையில், அந்த உரம் கிடைத்ததா என்பதை ஒரு கேள்வியாகச் சேருங்கள்.

மறுமொழி 3 | இட்டவர்: மாதிரிக்கணக்கு

கேட்டவரின் மூன்று சந்தேகங்களுக்கும் வரிசையாக வருகிறேன். திட்ட மதிப்பீட்டுக் கணக்குகளைச் செய்வது என் தொழில்.

"தெரியுமா?" என்று கேட்டால் "தெரியும்" என்றுதான் பதில் வரும். கேட்பவர் கையில் தாளும் கழுத்தில் அடையாள அட்டையும் இருக்கும்போது, தெரியாது என்று சொல்லித் தம்மைத் தாழ்த்திக்கொள்ள யாரும் விரும்புவதில்லை. எனவே முதலில் எந்தக் குறிப்பும் கொடுக்காமல், "இந்த ஓர் ஆண்டில் மாடு, உரம், அரிசி பற்றி அரசாங்கம் சொன்னதில் உங்களுக்கு நினைவில் நிற்பது என்ன?" என்று கேட்டு, அவர் வாயிலிருந்து வந்த சொற்களை அப்படியே எழுதுங்கள். மாடு படம் என்று சொன்ன அம்மாவின் பதிலை அப்படியே எழுதியிருந்தால் ஒரு மணி நேர வாதம் மிச்சமாகியிருக்கும். அதன் பிறகு வாசகங்களைப் படித்துக் காட்டி, எதைக் கேட்டிருக்கிறீர்கள் என்று வினவலாம். அந்தப் பட்டியலில், எந்தத் துறையும் ஒருபோதும் வெளியிடாத, நீங்களே புனைந்த வாசகம் ஒன்றையும் நுழைத்து வையுங்கள். நூற்றில் முப்பது பேர் அதையும் கேட்டிருப்பதாகச் சொன்னால், உண்மையான வாசகங்களுக்குக் கிடைத்த "ஆம்" என்பதிலும் ஏறக்குறைய அந்த அளவுக்குப் பதர் கலந்திருக்கிறது என்று கொள்ளலாம். சிறிய உத்திதான், ஆனால் பல அறிக்கைகளின் பெருமிதத்தை அடக்கிவிடும்.

முந்தைய நிலைக் கணக்கு இல்லை என்கிறீர்கள். போன ஆண்டு என்ன செய்தீர்கள் என்று இப்போது கேட்டால் நினைவு ஏமாற்றும், அதை நம்பாதீர்கள். ஆனால் யாரோ வேறு காரணத்துக்காக எழுதி வைத்த பதிவுகள் இருக்கின்றன. ஆதாரைக் காட்டி உரம் வாங்கும்போது கடையில் அதைப் பதியும் விற்பனை முனையக் கருவி வழியாக உர மானியம் நாடு முழுவதும் 2018 முதல் கணக்கிடப்படுவதால், ஒவ்வொரு கடையிலும் சங்கத்திலும் எந்த மாதம் எந்த உரம் எத்தனை மூட்டை விற்றது என்பது பதிவாகியிருக்கிறது. பிரசாரம் நடந்த ஒன்றியத்திலும் நடக்காத பக்கத்து ஒன்றியத்திலும், முந்தைய இரண்டு பருவங்களையும் பிந்தைய இரண்டு பருவங்களையும் எடுத்து, யூரியாவுக்கும் பொட்டாஷுக்கும் உள்ள விகிதம் எங்கே அதிகம் மாறியது என்று பாருங்கள். வரப்போரம் ஐயா சொன்ன விலையும் தட்டுப்பாடும் இரண்டு ஒன்றியங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி பாதித்திருக்கும். ஆகவே மாற்றங்களுக்கு இடையிலுள்ள வித்தியாசத்தில் பிரசாரத்தின் பங்கு ஓரளவு தெரியும். விற்றது வேறு, வயலில் போட்டது வேறு என்பதையும், குத்தகைக்காரர் வேறொருவர் ஆதாரில் வாங்கியிருக்கலாம் என்பதையும் குறிப்பிட மறக்க வேண்டாம். பிரசாரம் எல்லா ஊரிலும் ஒரே நாளில் நடந்திராது; பிந்தி நடந்த ஊர்கள் முந்தி நடந்த ஊர்களுக்கு ஒப்பீடாகப் பயன்படும். எந்த ஊருக்கு முதலில் போனார்கள், ஏன் என்று விசாரியுங்கள். சாலையோர ஊர், ஒத்துழைக்கும் தலைவர் உள்ள ஊர் என்று பார்த்து முதலில் போயிருந்தால் ஒப்பீடு சாய்ந்துவிடும்.

வெளிவந்த ஆய்வுகளைப் படிக்கும்போதும் இந்தக் கண் வேண்டும். மண்வள அட்டை பற்றி தேசிய உற்பத்தித்திறன் மன்றம் 2017-இல் செய்த ஆய்வு, பரிந்துரைப்படி உரமிட்டால் ரசாயன உரப் பயன்பாடு 8 முதல் 10 சதவீதம் குறைந்தது, மகசூல் 5 முதல் 6 சதவீதம் கூடியது என்று சொல்கிறது. இதையே மேற்கோளாகக் காட்டிப் பிரசாரம் வென்றது என்று பலர் எழுதுகிறார்கள். அது பரிந்துரையைப் பின்பற்றினால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கான விடை. அட்டை கைக்கு வந்ததால் எத்தனை பேர் பின்பற்றத் தொடங்கினார்கள் என்பது வேறு கேள்வி. பின்பற்றியவர் முன்பிருந்தே கவனமாகப் பயிர் செய்பவராக இருந்திருக்கலாம் என்பது மூன்றாவது கேள்வி. பிரசார மதிப்பீட்டுக்கு வேண்டியது இரண்டாவதும் மூன்றாவதும்தான்.

அளவுகோலை முன்கூட்டியே அறிவித்துவிட்டால் மக்கள் அளவுகோலுக்கேற்ப நடப்பார்கள் என்பதற்குப் பஞ்சாப், அரியானா வைக்கோல் எரிப்பு நல்ல பாடம். அங்கே தீவைப்பைக் குறைக்கப் பிரசாரமும் இயந்திர மானியமும் அபராதமும் சேர்ந்தே வந்தன. பலனைச் செயற்கைக்கோள் காட்டும் தீப்புள்ளிகளைக் கொண்டு எண்ணினார்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் நண்பகல் கடந்து ஒன்றரை, இரண்டு மணி வாக்கில் தலைக்குமேல் போகின்றன. எரிப்பு பிற்பகலுக்கும் மாலைக்கும் நகர்கிறது என்பது 2024-இல் விவாதத்துக்கு வந்தது. புள்ளிகள் குறைந்தன; புகை அதே அளவுக்குக் குறைந்ததா என்பது பெரிய கேள்வியாகிவிட்டது. உங்கள் ஊரில் கூட்டத்துக்கு வந்தவர்களின் கையொப்பம் அளவுகோலானால் கையொப்பம் பெருகும், அவ்வளவே.

மறுமொழி 4 | இட்டவர்: வரப்போரம்

மாதிரிக்கணக்கு நண்பருக்கு ஒரு திருத்தம். தட்டுப்பாடு இரண்டு ஒன்றியங்களுக்கும் ஒரே மாதிரி வராது. உரம் ரயிலில் வந்து இறங்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தும், கடைக்காரர் யூரியாவோடு வேறெதையோ சேர்த்து வாங்கச் சொல்வதைப் பொறுத்தும் ஊருக்கு ஊர் மாறும். கணக்கில் அதையும் கழியுங்கள். விற்பனைக் கருவிப் பதிவு பயன்படும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். எனக்கு அது தோன்றவில்லை.

மறுமொழி 5 | இட்டவர்: உலைநீர்

சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் நான். அரிசி பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன்.

செறிவூட்டப்பட்ட அரிசி என்பது, அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 உயிர்ச்சத்து ஆகியவற்றைக் கலந்து இயந்திரத்தில் அரிசி வடிவில் பிழிந்தெடுத்த மணிகளை, சாதாரண அரிசியில் நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலப்பது. இரத்தசோகைக்காக வந்தது. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருக்கிறது. எனவே நோக்கத்தில் குறை காண்பதற்கில்லை. சிக்கல் அந்த மணியின் தோற்றத்தில் இருக்கிறது. மற்ற அரிசியைவிடச் சற்று வெளுத்தோ மங்கலாகவோ இருக்கும். களையும்போது சில மணிகள் மிதக்கும். "பிளாஸ்டிக் அரிசி" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே ஊரெல்லாம் சுற்றியிருந்ததால், அதைப் பார்த்தவுடன் எல்லோருக்கும் அதுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுப் பெண்கள் என்ன செய்வார்கள்? அரிசியை முறத்தில் போட்டுப் புடைத்து, கல்லும் நெல்லும் பொறுக்குவதுபோல அந்த மணிகளையும் பொறுக்கி எறிவார்கள். மிதப்பவற்றைக் களைநீரோடு ஊற்றிவிடுவார்கள். கடையில் நூறு சதவீதம் செறிவூட்டப்பட்ட அரிசி வழங்கப்பட்டதாகப் பதிவேடு சொல்லும். சத்து மாட்டுத் தொட்டிக்குப் போயிருக்கும். கடைச் சுவரில் ஒட்டிய சுவரொட்டியைப் பெரும்பாலும் அரிசி வாங்க வந்த ஆண்களோ பிள்ளைகளோ பார்க்கிறார்கள். முறம் பிடிப்பவர் பார்ப்பதில்லை. எங்கள் பள்ளியிலேயே சமையல் உதவியாளர் ஒருவர் கால் மணி நேரம் உட்கார்ந்து அந்த மணிகளை அக்கறையோடு பொறுக்கிக்கொண்டிருந்தார், பிள்ளைகள் பிளாஸ்டிக் தின்றுவிடக் கூடாதே என்று. அவருக்கு நான் விளக்கிச் சொன்னேன். அவர் நம்பியதற்கு என் விளக்கத்தைவிட, சில மணிகளை எடுத்து வேகவைத்து நசுக்கிக் காட்டியதுதான் காரணம்.

ஆகவே நீங்கள் வீட்டுக்குப் போகும்போது இரத்தசோகை, ஃபோலிக் அமிலம் என்றெல்லாம் வினாத்தாள் வாசிக்க வேண்டாம். உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால், காலை உலை வைக்கும் நேரத்துக்குப் போய், பேச்சுவாக்கில் "இந்த வெள்ளை மணியை என்ன செய்வீங்க அக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள். முறத்தின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தது என்ன என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். அனுமதி கேட்டுவிட்டுப் பாருங்கள். அடுப்படிக்குள் அதிகாரிபோல நுழைந்தால் மறுநாள் முறத்தையே மறைத்துவிடுவார்கள்.

மறுமொழி 6 | இட்டவர்: களக்குறிப்பு

ஐயா, அம்மா, நண்பர்கள் அனைவருக்கும் நன்றி. புனைந்த வாசகத்தையும் முறத்தையும் வினாத்தாளில் சேர்த்துவிட்டோம். உரக் கடைகளின் விற்பனைப் பதிவுக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறோம். உரம் கிடைத்ததா என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே வருகிறது.

நான்காவது பிரசாரம்தான் இன்னும் பிடிபடவில்லை. மாடுகளை வண்டியில் நெருக்கி ஏற்றாதீர்கள் என்று சந்தை வாசலில் பதாகை வைத்து, ஓட்டுநர்களுக்குத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். ஓட்டுநர்களிடம் கேட்டால், "நாங்கள் அப்படிச் செய்வதே இல்லை" என்கிறார்கள். வியாபாரிகள் எங்களைக் கண்டாலே பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். இதை எப்படி அணுகுவது?

மறுமொழி 7 | இட்டவர்: பழைய ஊசி

இதில் கேள்வியே கேட்காதீர்கள், எண்ணுங்கள்.

விலங்குகளை ஏற்றிச் செல்லும் விதிகள் 1978-இலிருந்தே இருக்கின்றன. சரக்கு வாகனம் ஒன்றில் ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது என்று அவை சொல்கின்றன. ஆறு என்பது சாலையோரத் தேநீர்க் கடையில் உட்கார்ந்தபடியே எண்ணக்கூடிய எண். பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் சந்தை. வாங்கிய மாடுகளில் பெரும்பகுதி கோபாலபுரம், மீனாட்சிபுரம் வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. உங்கள் ஒன்றியத்துச் சந்தைக்கும் இப்படி வெளியேறும் சாலை ஒன்றிரண்டுதான் இருக்கும். சந்தை நாளில் இருவர் உட்கார்ந்து, போகும் ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று செய்திகளை மட்டும் குறியுங்கள்: எத்தனை மாடுகள், நிற்கின்றனவா அல்லது ஏதாவது படுத்துக் கிடக்கிறதா, தரையில் வைக்கோலோ மணலோ பரப்பியிருக்கிறதா. வண்டி எண்ணைக் குறிக்கவே குறிக்காதீர்கள். நீங்கள் மதிப்பிடுகிறவர்கள், பிடித்துக் கொடுக்கிறவர்கள் அல்ல. அந்த வேறுபாடு மங்கினால் அடுத்த வாரம் வண்டிகள் வேறு வழியில் போகும், உங்கள் கணக்கும் கெடும்.

முந்தைய நிலைக் கணக்கு இதற்கும் இல்லை. ஆனால் பதாகை வைக்காத சந்தை ஒன்று பக்கத்தில் இருக்குமே; அங்கும் அதே மாதம் இருவரை உட்கார வையுங்கள்.

எண்ணிக்கை மோசமாக வந்தால் ஓட்டுநரின் இரக்கமின்மை என்று எழுதிவிடாதீர்கள். ஆறு மாடுகளுக்கு வாடகை கட்டுப்படியாகாது. பன்னிரண்டு ஏற்றினால் ஒரு மாட்டுக்கான செலவு பாதியாகிறது. வாடகையைப் பேசி முடிப்பவர் வியாபாரி, ஓட்டுநர் அல்ல. துண்டறிக்கை ஓட்டுநர் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது. தண்டனையைப் பார்த்தால், 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. சட்டம் வந்த காலத்தில் அது ஒரு தொகை. இன்று அதே தேநீர்க் கடையில் இருவர் வடையும் தேநீரும் சாப்பிட்டால் 50 ரூபாய் போய்விடும். அந்தச் சட்டத்தை எடுத்துச் சொல்லும் பிரசாரத்தால் யாருக்கு அச்சம் வரும்? வதை என்றால் என்ன என்று தெரியாமல் யாரும் செய்வதில்லை. மாடு வளர்த்தவர்களுக்குத் தெரியாததா?

இருந்தாலும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எண்ணிக்கையைக் குறைப்பது வியாபாரிக்குப் பணச் செலவு. தரையில் வைக்கோல் பரப்புவது, சாய்பலகை வைத்து ஏற்றுவது, வாலை முறுக்காமல் ஏற்றுவது ஆகியவற்றுக்கு அவ்வளவு செலவில்லை. பதாகை வைத்த சந்தையில் மாடுகளின் எண்ணிக்கை அப்படியே இருந்து, வைக்கோல் மட்டும் கூடியிருந்தால், பிரசாரம் தன்னால் முடிந்ததைச் செய்திருக்கிறது என்று எழுதலாம். எண்ணிக்கைக்கு வாடகையையும் அபராதத்தையும் சோதனைச் சாவடியையும் பார்க்க வேண்டும் என்று அடுத்த பத்தியில் எழுதுங்கள். வைக்கோலும் கூடவில்லை என்றால் பதாகைச் செலவு முழுவதையும் கேள்வி கேட்கலாம்.

அதிகாலை நான்கு மணிக்கே போய்விடுங்கள். நெரிசலான வண்டிகள் வெளிச்சம் வருமுன் கிளம்பிவிடும். எட்டு மணிக்குப் போய் எண்ணினால் உங்கள் கணக்கும் அந்த வைக்கோல் எரிப்புச் செயற்கைக்கோள் கணக்குபோல ஆகிவிடும்.

மறுமொழி 8 | இட்டவர்: களக்குறிப்பு

நான்கு மணி என்பதைக் கவனித்துக்கொண்டோம், ஐயா. வரும் சந்தை நாளில் இருவர் இந்தச் சந்தையிலும் இருவர் பக்கத்துச் சந்தையிலும் இருப்பார்கள். முதல் நாள் எண்ணிக்கையை இங்கேயே இடுகிறேன். எண்ணும் முறையில் பிழை இருந்தால் இரண்டாவது வாரத்துக்குள் திருத்திக்கொள்ளலாம்.